காரிஞ்சாவின் முழங்காலும் முதலாளிகளின் கஜானாவும்

விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி ஒரு கதை வருகிறது. பிரேஸில் நாட்டுக் கால்பந்து வீரர் காரிஞ்சாவின் “வண்ணமயமான வாழ்க்கை” என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போடுகிறார்கள். மைதானத்தில் மாயாஜாலம், வெளியே மதுவும் மாதரும், கடைசியில் குடித்தே செத்தார். இவ்வளவுதான் கதை. படிக்கிறவன் ‘உச்’ கொட்டிவிட்டு, “கிடைத்ததைக் காப்பாற்றத் தெரியாத மனுஷன்” என்று தாளை மடித்து வைக்க வேண்டும். அதுதான் எழுதுகிறவர்களின் நோக்கம்.

நாம் கேட்கிறோம்: அவருக்குக் கிடைத்தது என்ன? அவர் காலால் சம்பாதித்தது யார் கைக்குப் போயிற்று? வண்ணம் வண்ணமாய்க் கதை அளக்கிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் ஏன் எழுதுவதில்லை?

பஞ்சாலைப் பிள்ளை

காரிஞ்சா 1933-ல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் பாவ் கிராண்டே என்ற ஆலைக் கிராமத்தில் பிறந்தார். 14 வயதில் பஞ்சாலைக்குள் நுழைந்தார். ஒரு கால் உள்பக்கம் வளைந்தது. மற்றது வெளிப்பக்கம் வளைந்தது. வேலையில் கெட்டிக்காரர் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆலைக்குள்ளேயே படுத்துத் தூங்கியவர்தான். வேலையை விட்டு நீக்கினார்கள். ஆனால் ஆலையின் பந்தாட்ட அணிக்கு அந்தக் கோணல் கால் தேவைப்பட்டது. நீக்கியவர்களே திரும்பக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

பாடம் இங்கேயே ஆரம்பமாகிவிட்டது. முதலாளிக்கு முழு மனிதன் வேண்டாம். அவனுடைய ஓர் உறுப்புப் போதும். நூற்பவளிடம் விரல், மூட்டை தூக்குகிறவனிடம் முதுகு, காரிஞ்சாவிடம் கால்.

1953-ல் ரியோ நகரத்துப் பொட்டபோகோ கழகத்தில் சேர்ந்தார். 1958-ல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாவது ஆட்டம் சோவியத் அணியுடன். ஆரம்பித்த முதல் நிமிஷத்திலேயே அவர் உதைத்த பந்து கோல் கம்பத்தில் மோதி அதிர்ந்தது. சோவியத் அணி ஆயிற்றே என்று நாம் மழுப்பப் போவதில்லை. பிரேஸில் 2-0 என்று ஜெயித்தது, நியாயமாகவே ஜெயித்தது. கோப்பையும் பிரேஸிலுக்கே கிடைத்தது. 1962-ல் சிலியில் பெலே காயம்பட்டு விலகியபோது பாரம் முழுவதையும் காரிஞ்சா சுமந்தார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், சிலிக்கு எதிராக இரண்டு கோல், மறுபடியும் கோப்பை. பெலேயும் அவரும் சேர்ந்து களம் இறங்கிய ஒரு போட்டியில்கூடப் பிரேஸில் தோற்றதில்லை. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மக்களின் மகிழ்ச்சி’.

வெற்றுத் தாளில் கையெழுத்து

இத்தனை பெரிய ஆட்டக்காரர் கழகத்தோடு எப்படி ஒப்பந்தம் செய்தார்? தொகை எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்! தொகையைப் பிறகு நிர்வாகிகள் எழுதிக்கொண்டார்கள்.

இதைப் பத்திரிகைகள் “குழந்தை உள்ளம்” என்று கொஞ்சுகின்றன. பண்ணையாரிடம் வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் நம் வாசகர்கள். அதற்குப் பெயர் குழந்தை உள்ளமா, கொள்ளையா என்று அவர்களுக்குத் தெரியும்.

இதோடு இன்னொரு விலங்கும் இருந்தது. அந்நாட்டில் ஆட்டக்காரரின் உரிமைச் சீட்டு கழகத்தின் சொத்து. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கழகம் விடுவித்தால்தான் வேறிடம் போகலாம். அந்த முறையை ஒழிக்கும் சட்டம் 1998-ல்தான் வந்தது. காரிஞ்சா அதற்குள் மண்ணுக்குள் போய் 15 வருஷம் ஆகிவிட்டது.

ஊசி போட்டு ஓட்டிய கால்

முழங்கால் கெட்டது. ஓய்வு வேண்டும், ஆபரேஷன் வேண்டும். ஆனால் கழகமோ வெளிநாடுகளில் சுற்றிக் காட்சி ஆட்டம் ஆடிக் காசு பார்த்துக்கொண்டிருந்தது. காரிஞ்சா இருந்தால்தான் கூட்டம். கூட்டம் இருந்தால்தான் வசூல். ஆகவே வலி தெரியாமலிருக்க ஊசி, பிறகு ஆட்டம், மறுபடியும் ஊசி. 1964-ல் ஆபரேஷன் நடந்தபோது காலம் கடந்துவிட்டது. 1966-ல் கொரிந்தியன்ஸ் என்ற கழகத்துக்கு விற்றுவிட்டார்கள்.

கழுத்தில் புண் வந்த மாட்டைக் குடியானவன் நுகத்தடியிலிருந்து அவிழ்த்து விடுவான். அந்த இரக்கம்கூட இந்தக் கனவான்களிடம் இல்லை!

ஒழுக்க உபதேசிகள்

“அவர் குடிக்கவில்லையா? பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போகவில்லையா?” என்று கேட்பார்கள். ஆம், குடித்தார். ஆலைக் கிராமத்துக் கரும்புச் சாராயம் அவரைச் சிறு வயதிலேயே பிடித்தது. மனைவியையும் எட்டுப் பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் பாடகி எல்சா சோரெஸுடன் போனார். 1969-ல் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாயார் இறந்தார். இவற்றை நாம் மூடி மறைக்கவில்லை. கைவிடப்பட்ட அந்தப் பெண்மக்களின் கண்ணீருக்கும் கணக்கு உண்டு.

ஆனால் குடியைப் பற்றி இத்தனை பத்தி எழுதிய பேனாக்கள், ஊசியைப் பற்றி எழுத ஏன் தயங்கின? சேரியில் பிறந்த கறுப்பினப் பெண் எல்சாவைக் ‘குடும்பம் கெடுத்தவள்’ என்று தூற்றியவர்கள், கால் கெடுத்த கழகத்தைத் தூற்றினார்களா? இல்லை! படுக்கையறைக் கதை காட்டினால் கஜானாவை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இதுதான் ‘வண்ணமயமான வாழ்க்கை’யின் சூட்சுமம்.

சங்கம் சாதித்தது

அதே காலத்தில் இங்கிலாந்தைப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கூலி கிடையாது என்று கழக முதலாளிகள் உச்சவரம்பு கட்டியிருந்தார்கள். ஆட்டக்காரர் சங்கம் ஜிம்மி ஹில் தலைமையில் எழுந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்தது. 1961 ஜனவரியில் முதலாளிகள் பணிந்தார்கள், உச்சவரம்பு ஒழிந்தது. காலம் முடிந்த ஆட்டக்காரனையும் கட்டி வைக்கும் முறை நியாயமற்றது என்று 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் கோர்ட்டே சொல்லிற்று.

அவர்களில் எவரும் காரிஞ்சாவைவிடப் பெரிய ஆட்டக்காரர் அல்ல. ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருந்தது. களத்தில் 11 பேராக ஆடிய காரிஞ்சா, ஒப்பந்த மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். அங்கேதான் தோற்றார்.

பெயர் அவருக்கு, பணம் யாருக்கு?

1973-ல் மரக்கானா மைதானத்தில் அவருக்கு உதவி ஆட்டம் நடத்தியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் திரண்டார்கள். கைவிட்டவர்கள் கனவான்கள், கைகொடுத்தவர்கள் ஜனங்கள். 1983 ஜனவரி 20-ந் தேதி, 49 வயதில், குடியால் உடல் சிதைந்து இறந்தார்.

தலைநகர் பிரேஸிலியாவில் அவர் பெயரால் ஒரு மைதானம் நிற்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அதைக் கோடிக்கணக்கில் கொட்டித் திரும்பக் கட்டினார்கள். கணக்கில் மோசடி என்ற குற்றச்சாட்டில் 2017-ல் இரண்டு முன்னாள் கவர்னர்கள் கைதானார்கள். அதே 2017-ல் இன்னொரு செய்தியும் வந்தது: காரிஞ்சாவின் எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று கல்லறை நிர்வாகத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை!

மைதானத்துக்குக் கோடி, மனிதனுக்கு ஆறடி மண்கூட நிச்சயமில்லை. முதலாளித்துவம் தன் வீரர்களுக்குச் செய்யும் மரியாதை இதுதான்.

தோழர்களே! பந்தாட்டம் பாருங்கள், கைதட்டுங்கள், அது உழைப்பாளியின் உரிமை. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குக் காரிஞ்சாவின் கதையைச் சொல்லும்போது முழுக் கதையையும் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லுங்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் தனி ஆளாக முதலாளி முன் போய் நிற்காதே, சங்கத்தோடு போ என்று சொல்லுங்கள்!