மலையும் மருந்தும்: ஓர் எதிர்வினை

மனச்சோர்வுற்றோர்க்குக் கீட்டமைன் கொடுப்பது போதையூட்டும் பாதகமென்றும், அருணாசலத்தைப் பதினான்கு கிலோமீட்டர் வலம்வந்தாலே சித்தம் தெளியுமென்றும் நம்மூர் அன்பரொருவர் வாதிக்கிறார். பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறவன்தான் நானும். அந்த நடை தரும் சாந்தியை மறுக்கேன். ஆயினும், படுக்கையினின்று எழவும் திராணியற்று, மரணத்தையே தியானித்துக் கிடப்பவனை ‘எழுந்து நட’ என்பது காருண்யமாகாது.

1962-இல் ஆய்வுக்கூடத்தில் தோன்றி, 1970 முதல் சத்திர சிகிச்சையில் மயக்க மருந்தாக உதவிவரும் கீட்டமைனை, பிற மருந்துகளுக்கு இணங்காத சோர்வும் சில மணி நேரத்தில் தணியக் கண்ட பின்னரே மனநல வைத்தியர்கள் கையாளத் தொடங்கினர். ஒருமுறை கொடுத்தால் அப்பலன் நெடுநாள் நிலைப்பதில்லை. இரத்த அழுத்தம் உயரும். துஷ்பிரயோகம் மூத்திரப்பையைக் கெடுக்கும். ஆகையால்தான் வைத்தியர் அருகிருக்க, அளவறிந்து கொடுத்து, உரையாடல் சிகிச்சையையும் அதனோடு இணைக்கிறார்கள். களியாட்டத்துக்கென ஒளித்து விற்கும் தூளையும் இதையும் ஒன்றென்பது, துன்புறுவோர்க்கு இழைக்கும் அநியாயம்.

தம் வாதத்துக்கு ரமண மகரிஷியைச் சாட்சிக்கு அழைக்கிறார் அன்பர். 1896-இல் மதுரையில் அவருக்கு மரணானுபவம் மருந்தின்றியே வாய்த்தது மெய்தான். அதே மகரிஷி, 1949-இல் தமது இடக்கரத்தில் எழுந்த கட்டிக்கு வைத்தியர்களின் கத்தியை அனுமதித்தாரே, அதை அன்பர் ஏன் மறந்தார்?