ஷூ கம்பெனி வருது... மனை வாங்கலாமா?
ஜெயங்கொண்டத்தில் புரோக்கர்கள் சுறுசுறுப்பு. முதல் முறை வாங்குவோர் உஷார்!

ஜெயங்கொண்டம்: பஸ் நிலையத்தில் நின்றாலும் சரி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, ஒரே பேச்சுதான். "ஷூ கம்பெனி வருதாமே! ஒரு மனை வாங்கிப் போட்டா என்ன?"

பேச்சுக்குக் காரணம் இருக்கிறது. தைவான் நாட்டின் டீன் ஷூஸ் நிறுவனம் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 1,000 கோடி ரூபாயில் காலணி ஆலை அமைக்க முன்வந்தது. 2024 நவம்பர் 15-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 15 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது.

ஆலை நிஜம். அதை வைத்து மனைக்குச் சொல்லப்படும் விலை நிஜமா? அதுதான் கேள்வி.

"15 ஆயிரம் பேர் வேலைக்கு வந்தா, தங்க இடம் வேணாமா அண்ணே?" என்பது புரோக்கர்களின் கணக்கு. செய்யாறு பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே காலணி ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வேலை முடிந்ததும் அதே பஸ்சில் வீடு திரும்புகிறார்கள். அவர்களால் டிபன் கடைக்கு வியாபாரம் உண்டு. வாடகை அறைக்கும் ஓரளவு ஆள் வரும். ஊருக்கு 5 கிலோ மீட்டர் தள்ளிக் கல் நட்டு வைத்திருக்கும் மனையை அவர்கள் ஏன் வாங்க வேண்டும்?

நிலக்கரி கதை

ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த "வருது, வருது" புதிதல்ல. 1990-களில் பழுப்பு நிலக்கரி வருது என்றார்கள். சுரங்கமும் அனல் மின் நிலையமும் அமைக்க, டிட்கோ மூலம் சுற்றியுள்ள கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. கொடுத்த பணம் போதாது என்று விவசாயிகள் கோர்ட்டு படி ஏறினார்கள். வருடங்கள் ஓடின. சுரங்கமும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. கடைசியில், நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது.

இதில் மனை வாங்குகிறவருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நில எடுப்பு விவரம் வில்லங்கச் சான்றில் எப்போதும் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. "30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு" என்று ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் அந்த சர்வே நம்பர் வேறு பெயரில் இருக்கலாம்! ஆகவே இந்தப் பகுதியில் வில்லங்கம் மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு, தாலுகா ஆபீசில் பட்டா இரண்டையும் சர்வே நம்பர் வாரியாகப் பார்க்க வேண்டும். நிலம் எடுப்பில் இருந்ததா, திரும்பி வந்ததா, யார் பெயருக்கு வந்தது என்று கேளுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகுதான்.

"சென்ட்" தந்திரம்

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. பழைய மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் அரசு வழி திறந்தது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட மனைப்பிரிவுக்கு அந்த வழி கிடையாது.

அதனால் சில பேர் மனை என்றே சொல்வதில்லை. "3 சென்ட் விவசாய நிலம்" என்கிறார்கள். நிலத்தில் பார்த்தால் கல் நட்டிருக்கும், செம்மண் ரோடும் போட்டிருக்கும். அந்த ரோடு யாருடையது? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் ரோட்டைப் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அது இன்னமும் பழைய சொந்தக்காரரின் நிலம்தான். நாளைக்கு அவர் மகன் வேலி போட்டால் உங்கள் மனைக்கு ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும்.

கையில் வருவது எவ்வளவு?

5 லட்ச ரூபாய் மனை என்று வைத்துக் கொள்வோம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 45 ஆயிரம் ரூபாய். புரோக்கருக்கு 2 சதவீதம் என்றால் 10 ஆயிரம். திரும்ப விற்கும்போது இன்னொரு 10 ஆயிரம். மொத்தம் 65 ஆயிரம். மனை விலை 13 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணமே கைக்கு வரும்! இதில் வக்கீல் பீஸ் சேரவில்லை. வீட்டுக்காரம்மா நகையை அடகு வைத்து வாங்கியிருந்தால் வட்டி தனி.

நகை ஏலத்துக்குப் போகுமே என்று பயந்து, வந்த விலைக்கு மனையைத் தள்ளிவிட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாதச் சம்பளக்காரர் 5 வருடம் தொட வேண்டிய அவசியமில்லாத பணத்தை மட்டும் இதில் போடலாம். இன்னும் நல்லது, நாலு பேர் சேர்ந்தாவது ஊருக்குள்ளேயே வாடகை வரும் சின்னக் கடையோ, பழைய ஓட்டு வீடோ பார்ப்பது. கூட்டு என்றால் அவரவர் பங்கு பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து, மத்தியானச் சாப்பாடும் போட்டு மனை காட்டுகிறார்கள். சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் ஐப்பசியில் ரெண்டு நாள் நல்ல மழை பெய்த பிறகு, புரோக்கர் இல்லாமல் சைக்கிளிலோ பைக்கிலோ ஒரு நடை போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பக்கத்து வயல்காரர் காட்டிவிடுவார்.