அட்டையைக் கழற்றினால் கணக்கு மறைந்துவிடுமா?

சுரண்டைக் கடைவீதியில் இன்று கியூஆர் அட்டை இல்லாத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய பலசரக்குக் கடை முதல் தள்ளுவண்டியில் பனங்கிழங்கு விற்கும் ஆச்சி வரை எல்லோரிடமும் அந்த அட்டை இருக்கிறது. "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி வாய் திறந்தால்தான் கடைப் பையன் பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறான். ஆனால் இதே வீதியில், "அண்ணாச்சி, அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரொக்கத்துக்கே திரும்பிவிடுவோமா?" என்று நம்மிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த அச்சம் கர்நாடகத்தில் பிறந்தது. 2025 ஜூலையில் அம்மாநில வணிகவரித் துறை, 2021-22 முதலான யுபிஐ வரவுகளைப் புரட்டிப் பார்த்து, பதிவு பெறாத சிறு வணிகர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி வியாபாரி ஒருவரிடம் 29 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது நாடெங்கும் செய்தியானது. பெங்களூருவில் டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். கடையடைப்பு அறிவிப்பு வரை சென்ற பிறகு முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியைக் கேட்டு வற்புறுத்துவதில்லை, ஆனால் பதிவு செய்ய வேண்டியவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்பது அங்கே எட்டப்பட்ட முடிவு.

அதிகாரிகள் செய்தது சரி என்று நாம் சொல்ல வரவில்லை. வந்த பணமெல்லாம் விற்பனை என்று கொள்வது என்ன கணக்கு? மகன் வெளியூரிலிருந்து அனுப்பியது, சீட்டு எடுத்தது, மச்சினனிடம் கைமாற்று வாங்கியது எல்லாம் அதே கணக்கில்தான் வந்து விழுகின்றன. ஆனால் அவற்றை அப்படி ஒன்றாகக் கலந்து வைத்தது யார்? நாம்தான்.

நம்மவர்களில் பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கும் ஓர் இடம் உண்டு. "காய்கறிக்கும் முட்டைக்கும்தான் வரி கிடையாதே, நமக்கு எதற்குப் பதிவு?" என்கிறார்கள். வரிவிலக்குப் பெற்ற சரக்கை மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே கடையில் சோப்பும் பிஸ்கட்டும் விற்றால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் எல்லை 40 லட்சம். அந்த 40 லட்சத்தைக் கூட்டும்போது விலக்குப் பெற்ற காய்கறியும் சேரும். காய்கறி 35 லட்சம், சோப்பு வகையறா 6 லட்சம் என்றால் மொத்தம் 41 லட்சம்; பதிவு அவசியமாகிறது. வரி என்னவோ சோப்பு வகையறாவுக்கு மட்டும்தான். இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்தால் ஒன்றரைக் கோடி வரை விற்கும் வணிகர், வரிக்குரிய விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும்.

40 லட்சத்தை நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 11,000 ரூபாய். சற்று ஓட்டமுள்ள கடைக்கு இது பெரிய தொகையா என்பதை அவரவர் கல்லாவைப் பார்த்துச் சொல்லட்டும். இந்த எல்லைக்கு ரொக்கம், யுபிஐ என்ற வித்தியாசமே கிடையாது. அட்டையைக் கழற்றினாலும் சட்டம் அப்படியேதான் இருக்கும். ஏஜென்சிக்காரர் போடும் பில்லில் நம் கடைப் பெயரும் இருக்கும். சில்லறை இல்லாமல் போனில் பணம் போட்டுப் பழகிவிட்ட வாடிக்கையாளர்தான் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

புதிய கருவி வரும்போதெல்லாம் நாம் இப்படித் தயங்கியிருக்கிறோம். மின்னணுத் தராசு வந்தபோது "இதில் எடை எப்படித் தெரியும்?" என்று கேட்ட அதே வாடிக்கையாளர்கள், இன்று கல் தராசைக் கண்டால் சந்தேகப்படுகிறார்கள். (ஆண்டுதோறும் முத்திரை போடுவதை மட்டும் சிலர் இன்னும் மறந்துவிடுகிறார்கள், அதைத் தனியே எழுதுவோம்.) 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில்தான் கோட்டுக் குறியீடு முதன்முதலாகக் கடையில் வாசிக்கப்பட்டது. இன்று நம் கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, பில் இயந்திரம் வைத்திருந்தவர்கள் விகிதத்தை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மற்றவர்கள் பழைய விலை அச்சிட்ட சரக்கை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாப் புதுமையும் நிலைப்பதுமில்லை. 2018 ஜனவரியில் அமேசான் நிறுவனம் சியாட்டிலில் கல்லாவே இல்லாத கடையைத் திறந்தது. கூரையில் உள்ள கேமராக்கள் பார்த்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அந்த ஏற்பாட்டை அந்நிறுவனமே எடுத்துவிடுவதாக அறிவித்தது. எனினும் பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவற்றை அப்படி ஒதுக்கிவிட முடியாது. வாடிக்கையாளர் கால்வைக்காத கிட்டங்கியிலிருந்து சில நிமிடங்களில் வீட்டுக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். பெருநகரங்களில் அந்த அடி விழத்தான் செய்கிறது. ஓர் ஆண்டில் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024இல் கூறியது. அது அவர்கள் மதிப்பீடு; பாதியே உண்மை என்றாலும் சிறிய செய்தி அல்ல.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் சரக்கு அனுப்புவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சைக்கிளில் பையன் போய்க்கொண்டுதான் இருக்கிறான். பீடிக் கூலி வரும் வரை பற்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் எந்தச் செயலியிலும் இல்லை. ஆனால் கீழச்சுரண்டை அக்கா மாதம் எத்தனை கிலோ உளுந்து வாங்குகிறார் என்பது நம் நினைவில் மட்டும் இருக்கிறது. செயலிக்காரனோ தன் வாடிக்கையாளர் வாங்கியது அத்தனையையும் எழுத்தில் வைத்திருக்கிறான். எந்தச் சரக்கு ஓடுகிறது, எது தூசி படிகிறது என்பதை நாமும் எழுதி வைக்கத் தொடங்கினால்தான் கொள்முதலில் முடங்கும் பணம் குறையும். விலையில் மோதவும் வழி பிறக்கும்.

நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு. 2020 ஜனவரி முதல் யுபிஐ வரவுக்கு வணிகரிடம் கட்டணம் கிடையாது என்பது விதி. ஆனால் பேசும் பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கிறார்கள்; எவ்வளவு என்று பலர் பார்ப்பதே இல்லை. அட்டையில் விழும் வரவைப் பார்த்துப் போனிலேயே கடன் தருகிறார்கள். தவணையைத் தினமும் அந்த வரவிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். இது தண்டலின் புதிய உருவம். வீட்டு வாசலுக்கு ஆள் வருவதில்லை, அவ்வளவுதான். ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதும் ஆபத்து. 2024 மார்ச் 15க்குப் பின் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிய வரவு ஏற்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தபோது, அங்கே கணக்கு வைத்திருந்த வணிகர்கள் வேறு வங்கிக்கு ஓட வேண்டியிருந்தது.

ஆகவே அட்டை இருக்கட்டும். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அட்டையை அதோடு மட்டும் இணையுங்கள். வீட்டுப் பணம் அதில் வர வேண்டாம். வரியுள்ள சரக்கு, வரியில்லாச் சரக்கு என்று நாள்வழியில் இரண்டு பத்தி போட ஒரு கோடு கிழித்தால் போதும். பெட்டி வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடிட்டர் ஒருவரை அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நாள் விற்பனை 11,000 ரூபாயை நெருங்கும் கடைக்காரர்கள் ஓராண்டு வங்கி வரவுப் பட்டியலையும் கொள்முதல் பில்களையும் கையோடு கொண்டு வரட்டும்.