பட்டா உங்கள் பெயரில், வெள்ளம் யார் பெயரில்?

நந்தனத்தில் இருப்பவர்களுக்கு அடையாறு என்றால் 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்று ஊரே கேட்டது. பத்திரிகைகள் கேட்டன. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் கேட்டது. பதில் திருப்தியாக இருந்ததா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு துறை இருந்தது, புரட்டிப் பார்க்க ஒரு பதிவேடு இருந்தது. அதே கரை ஒரு தனியாருக்குச் சொந்தமாக இருந்திருந்தால் யாரைக் கேட்டிருப்போம்?

இது வீண் கற்பனை இல்லை. மலையில் எஸ்டேட் வைத்திருப்பவர் ஓடையை மறித்து மண்கரை போடுகிறார். ரிசார்ட்காரர் படகு விடுவதற்காகப் போடுகிறார். ஜேசிபி வந்து நாலு நாள் மண்ணைக் கொட்டினால் அணை தயார். ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரி மூன்று மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் மூன்று கோடி லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் 2,500 லாரி. அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கினால் கீழே இருக்கும் குடிசைகள் என்ன ஆகும்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு அது பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம் எல்லாம் அதில் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் எட்டு மீட்டர் மண்கரைக்கு அதில் இடமில்லை. கரையின் உயரத்தை அளந்தவர்கள், அதன் கீழே எத்தனை பேர் படுத்துத் தூங்குகிறார்கள் என்பதை அளக்க மறந்துவிட்டார்கள்.

தனியார் கரை உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 மே மாதம் கென்யாவின் சோலாய் கிராமம் சாட்சி. ஒரு பெரிய தனியார் பண்ணையின் பட்டேல் அணை, கனமழையில் ராத்திரி நேரத்தில் உடைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலர் குழந்தைகள். அந்த அணைக்கு அனுமதியே இல்லை என்று அரசுத் தரப்பு பிறகுதான் சொன்னது. அமெரிக்காவில் 1889-ல் சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் மாண்டார்கள். அது பணக்காரர்களின் கிளப் வைத்திருந்த மண் அணை. உபரி நீர் போகும் வழியில் மீன் தப்பாமலிருக்க வலைத்தட்டி போட்டிருந்தார்கள். வண்டி போவதற்காகக் கரையின் தலையைத் தாழ்த்தியிருந்தார்கள். கிளப் மீது எந்த நீதிமன்றமும் பொறுப்பு சுமத்தவில்லை. நம் ஊர்க் குளங்களிலும் கலங்கலில் மீன் வலை கட்டுவதும், கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்குவதும் புதிதல்ல.

நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில்வே பாலங்களை அடித்துச் சென்றன. மதராஸ் ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அலட்சியத்தை நிரூபித்தால்தான் அவர் பொறுப்பு என்றது. காரணத்தைக் கவனியுங்கள்: இந்த ஏரிகள் குடிமக்களின் பாசனத்துக்கானவை, அவற்றை மூடிவிட ஜமீன்தாருக்கு உரிமை கிடையாது, பராமரிப்பது அவர் கடமை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அவரும் போய்விட்டார். இன்றைய எஸ்டேட்காரருக்கு அந்தக் கடமை கிடையாது. பிறகு அந்தச் சலுகை மட்டும் எதற்கு?

பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்த நாட்டுச் சிவில் சட்டத்தைப் புரட்டும் பழக்கம் எனக்குண்டு. அதன் பழைய 1384-ஆம் பிரிவு (இப்போது 1242) ஒன்றைச் சொல்கிறது: ஒருவர் தான் செய்ததற்கு மட்டுமல்ல, தன் பொறுப்பில் இருக்கும் பொருள் விளைவித்த சேதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மண்கரைக்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஏழை விவசாயியின் தலையில் இன்னொரு லைசென்ஸா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தரைக்குக் கீழே வெட்டிய பண்ணைக்குட்டை உடையாது. அதை யாரும் தொட வேண்டாம். தரைக்கு மேலே கரை கட்டித் தண்ணீர் நிறுத்தி, கீழே வீடுகளும் இருந்தால் மட்டுமே கணக்கில் எடுங்கள். ஊர் ஏரிகளையே பார்க்க ஆளில்லாத அரசு இதை எப்படிப் பார்க்கும் என்பது அடுத்த கேள்வி. அதனால்தான் செலவும் சான்றும் உரிமையாளர் மேல் இருக்க வேண்டும் என்கிறேன். பஸ்ஸுக்கு எஃப்.சி. எடுக்கிறோம். லிஃப்ட்டுக்கு 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

கேட்பது அதிகமில்லை. இப்படிப்பட்ட கரைகளை வி.ஏ.ஓ. கணக்கில் பதிய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு பொறியாளர் கரையில் நடந்து பார்க்க வேண்டும்: கலங்கல் அடைபடாமல் இருக்கிறதா, கரையில் மரம் வேர் விட்டிருக்கிறதா, எலி வளையும் கரையான் புற்றும் உண்டா, மதகை ஒட்டிக் கசிவு உண்டா. கசிவு தெளிவாக வந்தால் கவனிக்க வேண்டும். கலங்கலாக வந்தால், கரையின் உள்ளே இருந்து மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். அன்றே தண்ணீரை இறக்கிக் கீழே இருப்பவர்களை எழுப்ப வேண்டும்.

இதற்கு வல்லுநர் குழு வேண்டாம், ஒரு அரசாணை போதும். உடைந்த பிறகு நிவாரணத்துக்கு எழுதப்படும் கோப்பு இதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.