கரண்டு ஏத்தினா மருந்து ஒட்டிக்குமா?

சென்னை, கோவை நண்பர்கள் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப அனுப்புறீங்க. மின்னூட்டத் தெளிப்பான். துளிக்குக் கரண்டு ஏத்தினா மருந்து இலையைச் சுத்தி ஒட்டிக்குமாம், செலவு பாதியாம். "ஏன் இன்னும் வாங்கலை?"ன்னு கேள்வி வேற.

விஞ்ஞானம் பொய்யில்லை. துளியை உருண்டையாகக் கட்டி வைப்பது பரப்பு இழுவிசை. மின்னூட்டம் அதைப் பிளக்கப் பார்க்கும். ஓர் எல்லை தாண்டினால் துளி உடையும். ராலே 1882-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 1980களில் ஐசிஐ கம்பெனியின் எலக்ட்ரோடைன் கருவி இதைப் பருத்திக் காட்டுக்கே கொண்டுபோனது. பம்பு கிடையாது, மின்புலமே திரவத்தை இழையாக இழுத்துத் துளியாக்கும். ஆனா உள்ளே இருந்தது தண்ணியில்லை, எண்ணெயில் கரைச்ச தனி மருந்து.

நாம அடிக்கிறது தண்ணியில கலக்கி. தண்ணிக்குப் பரப்பு இழுவிசை அதிகம், மின்சாரத்தையும் எண்ணெயைவிட நல்லாக் கடத்தும். நாம மருந்தடிக்கிற வேகத்துல சீறி வர்ற தாரையைக் கரண்டு மட்டும் வச்சு உடைக்க முடியாது. அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லா உருவாக்கின நாசில்லயும் தாரையை உடைக்கிறது அழுத்தக் காற்றுதான். உடையுற இடத்தைச் சுத்தி மின்வாய் இருக்கும். பிரியுற துளி மின்னூட்டத்தைத் தூக்கிட்டுப் போகும். துளி அளவு 30 முதல் 50 மைக்ரான். அதே காற்றுதான் அதைச் செடிக்குள்ளேயும் தள்ளும். காற்று இல்லேன்னா மின்னூட்டத் துளி மேல் இலையிலயே உட்கார்ந்துடும்.

இங்கே அந்தப் பேரில் விக்க வர்றது என்ன? முதுகுல மாட்டுற பேட்டரி டேங்க், காற்று ஊதி இல்லை, பழைய நாசில், நுனியில ஒரு கம்பி. துளி 200 மைக்ரான்னு வச்சுக்குங்க: 40 மைக்ரான் துளியைப்போல 125 மடங்கு எடை, பரப்போ 25 மடங்குதான். மின்னூட்டம் உட்கார்றது பரப்புல. அப்போ பூமி இழுக்கிறதா, இலை இழுக்கிறதா?

வந்த ஏஜென்ட்டிடம் துளி எத்தனை மைக்ரான், கிலோவுக்கு எத்தனை மில்லிகூலம் மின்னூட்டம்னு கேட்டேன். டேங்க்ல ஒட்டியிருந்த மின்னல் ஸ்டிக்கரைக் காட்டினார்.

நண்பர்களே, அடுத்த வீடியோவோட அந்த ரெண்டு எண்ணையும் கேட்டு அனுப்புங்க. எங்க கத்தரியில வெள்ளை ஈ இலைக்கு அடியில உட்கார்ந்திருக்கு, மேல் இலையில இல்லை.