தக்காளி குடை பிடிக்காது

வெயிலால் முகம் கிழடாவதில்லை, தப்பான சாப்பாட்டால்தான் கிழடாகிறது. தக்காளியும் கேரட்டும் பாதாமும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கேட்க இனிக்கும் இந்த வாதம் முதல் கேள்வியிலேயே பல்லிளித்துவிடுகிறது.

28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் 2012இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, ஆழமான வரிகளோடு தொங்குகிறது. வலது கன்னத்தில் அந்தச் சேதம் இல்லை. கண்ணாடியைத் தாண்டிவரும் புற ஊதா ஏ கதிர் தோலின் அடியடுக்கு வரை இறங்கி, அங்குள்ள கொலாஜனைச் சிதைக்கும். உணவே எல்லாம் என்பவர்களைக் கேட்கிறேன்: இடது கன்னத்துக்கு மட்டும் தனிப் பந்தி நடந்ததா?

நம் பாட்டிகள் எந்த க்ரீமைப் பூசினார்கள் என்பது இவர்களுடைய அடுத்த அஸ்திரம். பூசவில்லைதான். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நம் தோலின் கருமையும் ஓரளவு காத்தது. அப்படியும் நாற்று நட்டே காலம் கழித்த ஒரு மூதாட்டியின் புறங்கையையும் ரவிக்கைக்குள் இருந்த தோளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கஞ்சியில் வளர்ந்தவை.

சரி, ஆதாரம் என்று எதைக் காட்டுகிறார்கள்? 2001இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றை. தினமும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டவர்களின் முதுகில் செயற்கை ஒளியைப் பாய்ச்சியபோது, பத்தாவது வாரத்தில், சாப்பிடாதவர்களைவிடச் சிவப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. உண்மை. ஆனால் நான்காவது வாரத்தில் வித்தியாசமே இல்லை. கலந்துகொண்டவர்களோ வெகு சிலர். அளக்கப்பட்டது தோல் சிவப்பது; சுருக்கம் அல்ல. எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனைப் போதிய அளவு பூசினால் தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதம் அன்றைக்கே தடுக்கப்படும். பத்து வாரம் காத்திருக்க வேண்டாம்.

அதே 2001இல் வந்த இன்னொரு ஆய்வையும் அடிக்கடி இழுப்பார்கள். மெல்போர்னில் குடியேறிய கிரேக்கர்கள், கிரேக்கக் கிராமத்தார், ஆங்கில-கெல்டிக் வழிவந்த ஆஸ்திரேலியர்கள், சுவீடன்காரர்கள் என 453 முதியவர்களை ஒப்பிட்டது அது. காய்கறி, பருப்பு வகை, ஆலிவ் எண்ணெய் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குச் சுருக்கம் குறைவு என்றது. யாருக்குச் சுருக்கம் ஆகக் குறைவு என்பதை மட்டும் இவர்கள் விழுங்கிவிடுவார்கள். ஆலிவ் தோப்புக்கு நடுவே வாழும் கிரேக்கக் கிராமத்தாருக்கு அல்ல, வெயில் குறைந்த சுவீடன்காரர்களுக்கு!

உணவுச் சத்தையும் சன்ஸ்கிரீனையும் ஒரே களத்தில் நிறுத்திப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, நாலரை ஆண்டு கவனித்தார்கள். முடிவுகள் 2013இல் வெளிவந்தன. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு? மொத்தத்தில் ஒரு பலனும் தெரியவில்லை. கால் கிலோவுக்கும் மேற்பட்ட கேரட்டில் இருக்கும் சத்து அது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று மாத்திரைக்குத் தாவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 1994இலேயே வெளிவந்த செய்தி இது.

நல்ல சாப்பாடு தோலுக்குக் கொஞ்சம் துணை செய்யலாம். அதை நான் மறுக்கவில்லை. துணைக்கு வருவதைத் தலைவனாக்கி, குடையையும் சன்ஸ்கிரீனையும் தூக்கி எறியச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். மங்கும் கரும்புள்ளியும் வந்தபின் அவற்றைப் போக்க ஆகும் செலவை இந்த உபதேசிகள் தரப்போவதில்லை. வெயிலுக்கு உணவே போதும் என்பவர்கள் நம்பூரைப் போல ஒரு சோதனையைக் காட்டட்டும். அதுவரை தக்காளியை ரசத்தில் போடுங்கள். வெயிலில் இறங்கும்போது குடையை விரியுங்கள், முகத்துக்கும் கைக்கும் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.