ஒரு நேரத்தில் ஓர் எழுத்து

கண் பரிசோதனைச் சார்ட்டில் 6/9 வரை வாசித்துவிடும் பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊர் போடியில் யாரும் நம்புவதில்லை. "கண்ணு நல்லாத்தேன் இருக்கு. தரையில கிடந்த கடுகைப் பொறுக்கிக் குடுக்குறா. படிக்கத்தேன் வலிக்குது" என்பது என் மகளுடைய அப்பத்தாவின் கட்சி. அதில் பாதி உண்மை. வெள்ளை டைல்ஸில் கிடக்கும் ஒற்றைக் கடுகு அவளுக்குத் தெரியும். காய்கறிக் கூடைக்குள் இருக்கும் எலுமிச்சம்பழம் தெரியாது.

எட்டு மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். குறைப்பிரசவக் குழந்தைகளுக்குச் செய்யும் விழித்திரைப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. வளர வளரப் படியிறங்கத் தயங்கினாள், பாய் விளிம்பில் தடுக்கினாள், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் என்னை முகம் பார்த்து அடையாளம் காணாமல் குரல் கேட்டு வந்தாள். பார்த்த இடங்களில் எல்லாம் "கண் நார்மல்" என்றே எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியில் "கவனம் இல்லை" என்றார்கள். மதுரையில் குழந்தைகளுக்கான கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: மூளைசார்ந்த பார்வைக் குறைபாடு, ஆங்கிலச் சுருக்கத்தில் சி.வி.ஐ. கடிதம் ஊர்த் தபாலாபீஸ் வரை பத்திரமாக வந்துவிடுகிறது. தெருத் தெருவாகப் பிரிக்கும் இடத்தில் சிக்கல். அதுபோல, கண்ணில் விழும் காட்சியை மூளை பிரித்து அறிவதில்தான் தடங்கல். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகள், பிறந்த நாட்களில் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிப்போன குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

அந்தப் பெயர் கிடைக்கும் முன், பரிசோதனைகளுக்கும் முன்பதிவுத் தேதிகளுக்கும் இடையில் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் வகுப்பறை அவளைத் தினமும் களைப்படையச் செய்துகொண்டிருந்தது. நான்கு சுவரிலும் படங்கள், பேச்சுச் சத்தம், நெருக்கி எழுதிய கரும்பலகை. மத்தியானத்துக்குள் கண்ணை மூடி மேசையில் சாய்ந்துவிடுவாள். அதனால் இரண்டாம் வகுப்பை வீட்டில் படிக்க வைப்பது என்று நானும் அவள் அப்பாவும் முடிவெடுத்தோம். பள்ளியை வெறுத்து எடுத்த முடிவு இல்லை அது. மருத்துவர் வந்து சொல்லும் வரை படிப்பை நிறுத்தி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தமிழ் எழுத்தை நான் அதற்கு முன் அப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. 'க' என்று தனியாக எழுதினால் பட்டென்று சொல்லுவாள். 'கொக்கு' என்று எழுதினால் திணறுவாள். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் வருகிறது, அடுத்த எழுத்தின் தலையில் புள்ளி, அதற்கடுத்ததன் காலில் ஒரு சுழி. நமக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாகத் தெரிகின்றன. அவளுக்கு எந்தக் கோடு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்றே பிடிபடவில்லை. நெருக்கம்தான் அவளுடைய எதிரி என்று தெரிந்ததும் எழுத்துக்கு எழுத்து இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, கறுப்பு சார்ட் பேப்பரில் மஞ்சள் நிறத்தில் எழுதினேன். பாடப்புத்தகத்துக்கு, கறுப்பு அட்டையில் ஒரு சொல் அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்தினோம். எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்றுதான் எல்லாரும் யோசனை சொல்வார்கள். பெரிதாக்குவதைவிட விலக்கி வைப்பதுதான் அவளுக்கு உதவியது.

பாடம் காலையில்தான். பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்கும் வேலை, பிறகு காதால் கேட்கும் வேலை. வாய்ப்பாடும் கதையும் இரண்டாவதில் சேரும். அந்தப் பதினைந்து நிமிடம் வீட்டில் மிக்ஸி ஓடாது, டி.வி. பேசாது, சத்தம் வந்தால் அவளுக்குப் பார்வை கலைந்துவிடும். சமையலறையும் பாடம்தான். வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்ச்சோறு போட்டால் பாதியை மிச்சம் வைப்பாள். வாழையிலையில் போட்டால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். பசியில் வித்தியாசம் இல்லை. பச்சையின் மேல் வெள்ளை தெரிகிறது, வெள்ளையின் மேல் வெள்ளை தெரிவதில்லை. வாசற்படி விளிம்புகளில் மஞ்சள் டேப் ஒட்டிய பிறகு அவள் தடுக்குவது குறைந்தது. பார்வையின் கீழ்ப்பகுதி சரியாகத் தெரியாததுதான் காரணம் என்பதை மதுரையில் பின்னால் உறுதி செய்தார்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எந்த நேரத்தில் களைக்கிறாள், எந்த நிறம் பிடிபடுகிறது, எந்தப் பக்கம் இடிக்கிறாள் என்று. மருத்துவர் அந்த நோட்டை வரி விடாமல் படித்தார். சில நிமிடப் பரிசோதனையில் காட்ட முடியாததை அது காட்டியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பணியாற்றிய குழந்தைகள் கண் மருத்துவர் கார்டன் டட்டன் இந்தக் குறைபாட்டைக் கண்டறியப் பெற்றோரிடம் கேட்பதற்கென்றே கேள்விகளைத் தொகுத்திருக்கிறார். குழந்தை படியிறங்கச் சிரமப்படுகிறதா? வேகமாக நகர்வது தெரியவில்லையா? தூரத்தில் சுட்டிக் காட்டுவதைக் காண முடியவில்லையா? குவிந்த துணிகளில் தன் சட்டையைத் தேடி எடுக்க முடியவில்லையா? எழுத்தையோ படத்தையோ பார்த்து எழுத வெகுநேரம் ஆகிறதா? இவற்றுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல முடியும். வீட்டில் பாடம் நடத்துவதும் சிறப்பு மருத்துவம் பார்ப்பதும் தனித்தனி வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் கருத்து வேறுபாடு.

சட்டத்தின் பக்கம் வந்தால் மனம் கசக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைந்த பார்வை என்பதைக் கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணின் கூர்மை 6/18-ஐ விடக் குறைவாக இருப்பதை வைத்தும், பார்வைப் பரப்பின் அளவை வைத்தும் வரையறுக்கிறது. 6/9 வாசிக்கும் என் மகள் கூர்மைக் கணக்கில் சேரமாட்டாள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லையென்றால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறுவது கடினம். ஒரு பிள்ளை சார்ட்டில் எத்தனை வரி வாசிக்கிறது என்பதோடு, நெரிசலுக்குள் எதைக் காண்கிறது என்பதையும் அளக்க வேண்டும். வீட்டுக் கல்வியைப் பொறுத்தவரை, கடுமையான அல்லது பல்வகை ஊனம் உள்ள பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது. மற்றவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடம் தயங்காமல் போய்க் கேளுங்கள்; அவர்கள் அரசு செலவில் இருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பார்வைக் குறைபாட்டுக்கு அறுவைச் சிகிச்சை கிடையாது. குணப்படுத்தும் சொட்டு மருந்தோ லேகியமோ கிடையாது. கண்ணாடி தேவைப்பட்டால் போட வேண்டும், மாறுகண் இருந்தால் பார்க்க வேண்டும், பொருத்தமான பயிற்சியில் மூளை மெல்லப் பழகும். அவ்வளவுதான் நேர்மையான வாக்குறுதி. "மூன்றே மாதத்தில் பார்வை" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

வரும் ஜூனில் அவளை மூன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். ஜன்னல் அட்டையும் கரும்பலகைக்கு அருகில் வெறும் சுவர் ஓரமாக ஓர் இருக்கையும் தருவதாகப் புதிய ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியர்களே, "கவனம் இல்லை" என்று எழுதும் முன் அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லை மட்டும் தனியாகக் காட்டிப் பாருங்கள். பெற்றோர்களே, "கண் நார்மல்" என்று சீட்டு வந்த பிறகும் உங்கள் பிள்ளை படியில் தயங்கினால், குழந்தைகள் கண் மருத்துவரிடம் போய் மூளைசார்ந்த பார்வைக் குறைபாடாக இருக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கையில் நோட்டோடு போங்கள்.